ஸ்மார்ட் போர்டு ஆன் பண்றதுக்கு முன்னாடி நாம எதை நம்புறோம்னு பாக்குறது எப்படி (9, 10 எடுக்குற டீச்சர்களுக்கு)

ஒரே ஸ்கூல், ஒரே பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன், ஒரே புரொஜெக்டர். காலைல ரெண்டாவது பீரியட்ல ஒரு டீச்சர் புத்தகத்தோட பிடிஎஃப்பை திரைல போட்டு வரி வரியா வாசிச்சு விளக்கம் சொல்றாங்க, பசங்க அடிக்கோடு போடுறாங்க. மதியம் ஆறாவது பீரியட்ல இன்னொரு டீச்சர் ஒரு பையனோட நோட்டை ஃபோன்ல படம் எடுத்து அதே திரைல போட்டு "இவன் மூணாவது ஸ்டெப் வரைக்கும் கரெக்டா வந்திருக்கான், நாலாவதுல என்ன ஆச்சு பாருங்க"னு கேக்குறாங்க, வகுப்பே எழுந்து நிக்குது. ரெண்டு பேரும் ஒரே ட்ரெய்னிங்ல பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்து வந்தவங்கதான். அப்ப வித்தியாசம் எங்க இருந்து வருது? பாடம்னா என்ன, பசங்க எப்படி கத்துக்குறாங்கன்னு அவங்க ரெண்டு பேரும் மனசுக்குள்ள வச்சிருக்குற நம்பிக்கைல இருந்துதான் வருது, மெஷின் அந்த நம்பிக்கையை பெருசா எடுத்துக் காட்டுது, அவ்வளவுதான்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளில கணக்கு பிடி அசிஸ்டன்ட், அதாவது பட்டதாரி ஆசிரியர். ஹைடெக் லேப், எமிஸ் (பள்ளி, மாணவர் விவரம் ஏத்துற அரசு தளம்), திக்‌ஷா, கல்வி டிவி, மணற்கேணி ஆப்னு வரிசையா எல்லாம் வந்தப்ப வகுப்புல இருந்தவன். இதை 9, 10 எடுக்குற டீச்சர்களுக்காகவும், ஸ்டாஃபை கூட கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிற ஹெச்எம், பிஆர்டிஇ (வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர்) இவங்களுக்காகவும் எழுதுறேன். எந்த பட்டனை அமுக்கணும்ங்கிறதை ட்ரெய்னிங்ல சொல்லிடுவாங்க, அதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்லித் தர்றது இல்ல.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டு ஆரம்பிப்போம். நம்ம நம்பிக்கை பிஎட்ல வந்தது இல்ல. நாம மாணவனா உக்காந்த காலத்துல வந்தது. கணக்கு போட்டுப் பாருங்க, 12 வருஷம், வருஷத்துக்கு 210 நாள், நாளுக்கு 5 மணி நேரம்னு வச்சாலே 12,600 மணி நேரம் நாம பெஞ்சுல உக்காந்து டீச்சர் பாடம் எடுக்குறதை பாத்திருக்கோம். டான் லார்ட்டின்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1975லயே இதைச் சொல்லிட்டார், எல்லா டீச்சரும் பாத்துப் பாத்தே தொழில் கத்துக்கிட்டவங்க, ஆனா அவங்க பாத்தது டீச்சர் வெளில பண்றதை மட்டும்தான், அவர் ஏன் அப்படிப் பண்ணினாருங்கிற யோசனையை பாக்கவே இல்லன்னு. அவர் போட்ட கணக்கும் ஏறத்தாழ 13,000 மணி நேரம்தான். இவ்வளவு ஆழமா இறங்கினது மூணு நாள் பயிற்சில போயிடும்னு எதிர்பாக்குறது நியாயமே இல்ல, அது போகலைன்னு டீச்சரை குறை சொல்றதும் நியாயம் இல்ல.

அதனால போக வைக்க வேண்டாம். என்ன இருக்குன்னு பாத்தா போதும், முதல்ல.

உங்க குரலை நீங்களே கேளுங்க

இதுக்கு வேண்டிய டெக்னாலஜி உங்க ஃபோன்ல இருக்குற வாய்ஸ் ரெக்கார்டர் மட்டும்தான். ஒரு சாதாரண பீரியட், டெமோ கிளாஸ் எல்லாம் வேண்டாம், போர்ஷன் ஓடிட்டு இருக்குற ஒரு செவ்வாக்கிழமை பீரியட். பசங்ககிட்ட "நான் எப்படி எடுக்குறேன்னு எனக்காக ரெக்கார்ட் பண்றேன், கேட்டுட்டு அழிச்சிருவேன்"னு சொல்லிட்டு மேஜை மேல வச்சிருங்க. வீடியோ வேண்டாம், பசங்க முகம் எதுவும் பதிய வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம், நிஜமாவே கேட்டதும் அழிச்சிருங்க.

அன்னைக்கு ராத்திரி கேக்கும்போது ஒரு பேப்பர்ல மூணே மூணு விஷயம் குறிச்சுக்கோங்க. எத்தனை கேள்வி கேட்டீங்க. கேட்டதுக்கு அப்புறம் எத்தனை செகண்ட் காத்திருந்தீங்க. யார் யார் பதில் சொன்னாங்க.

ரெண்டாவதுதான் நம்மளை உலுக்கும். மேரி பட் ரோன்னு ஒரு அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970கள்ல நிறைய வகுப்பு டேப்பை கேட்டுப் பாத்து சொன்னது, டீச்சர் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, அதை 3 செகண்ட் ஆக்கினாலே பசங்க பதில் நீளமாகுது, வாய் திறக்காதவங்களும் பேச ஆரம்பிக்குறாங்கன்னு. நான் என் டேப்பை கேட்டப்போ "மைனஸ் இன்ட்டு மைனஸ் என்ன? பிளஸ்! அடுத்து"ன்னு நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டு இருந்தேன். "பசங்க யோசிக்கணும்"னு ஸ்டாஃப் ரூம்ல பேசுறவன்தான் நான். பேசுற நம்பிக்கை ஒண்ணு, கை கால்ல இருக்குற நம்பிக்கை வேற ஒண்ணு, ரெண்டாவதுதான் நிஜம். அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ரெண்டு நாள் அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன், ஆனா அந்த டேப் இல்லைன்னா எந்த ட்ரெய்னரும் எனக்கு இதைக் காட்டியிருக்க முடியாது.

நாலு வாக்கியத்தை முடிங்க

டேப்பை கேட்ட கையோட, ஒரு நோட்டு எடுத்து இந்த நாலையும் உங்க கையெழுத்துல முடிச்சு எழுதுங்க. டைப் பண்ணாதீங்க, எழுதுங்க. யாருக்கும் காட்டப் போறது இல்ல, அதனால பாடக்குறிப்பேட்டுல எழுதுற மாதிரி நல்ல வார்த்தையா தேட வேண்டாம்.

ஒரு பையன் இந்தப் பாடத்தை கத்துக்கிட்டான்னு எனக்கு எப்பத் தெரியும்னா...

போர்டுல ஒருத்தன் தப்பா போட்டா நான் முதல்ல பண்றது...

எனக்கு விடை தெரியாத கேள்வியை பசங்க கேட்டா...

இந்த வகுப்புல சில பேருக்கு இது வராது, ஏன்னா...

முதல் வாக்கியத்துல "டெஸ்ட்ல எழுதும்போது"ன்னு வந்தா, எழுதிப் பாத்தாத்தான் மனசுல நிக்கும்ங்கிறது உங்க அடிப்படை. "தலையாட்டும்போது, கண்ணுல தெரியும்போது"ன்னு வந்தா, நான் தெளிவா சொன்னா அவங்களுக்கு புரியும்ங்கிறது அடிப்படை. "பக்கத்துல இருக்குறவனுக்கு சொல்லிக் கொடுக்கும்போது"ன்னு வந்தா அது வேற மாதிரி. இதுல எதுவும் தப்பு இல்ல, மூணுலயும் உண்மை இருக்கு, நம்ம பசங்களுக்கு மூணுமே தேவை. 500க்கு எவ்வளவுன்னு கேக்குற ஊர்ல எழுதிப் பாக்குறதை யாரும் கேவலமா பேசக் கூடாது, அந்தப் பிள்ளைங்களுக்கு அந்த மார்க்தான் அடுத்த கதவு.

மூணாவது வாக்கியம்தான் டெக்னாலஜி பக்கம் போகவிடாம பிடிச்சு வைக்கிறதுன்னு நான் நினைக்கிறேன். எங்க ஸ்கூல்ல 24 வருஷ சர்வீஸ் உள்ள ஒரு மேடம், போர்டு வேலைல அவங்க மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல, வலது ஓரத்துல தேதி, நடுவுல படம், இடது பக்கம் வரையறைன்னு ஒரு பீரியட் முடிஞ்சா போர்டை ஃபோட்டோ எடுத்து வச்சுக்கலாம் போல இருக்கும். அவங்க புரொஜெக்டர் பக்கமே போக மாட்டாங்க. எல்லாரும் "மேடத்துக்கு இன்ட்ரஸ்ட் இல்ல"ம்பாங்க. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாங்க, "சார், சாக்பீஸ் கைல இருந்தா நான் டீச்சர். அந்த மவுஸ் கைல இருந்தா எட்டாவது பையன் வந்து எனக்கு சொல்லித் தர்றான்". இது சோம்பேறித்தனம் இல்ல. பசங்க முன்னாடி மரியாதை போயிடும்ங்கிற பயம், அதுவும் 24 வருஷமா சம்பாதிச்ச மரியாதை. இதுக்கு மருந்து இன்னொரு ட்ரெய்னிங் இல்ல. அவங்க போர்டு திறமையை அப்படியே வச்சுக்கிட்டு பக்கத்துல ஒரே ஒரு பொருளை சேர்க்கணும். அதை கீழ சொல்றேன்.

நாலாவது வாக்கியத்தை இப்போதைக்கு எழுதி மூடி வைங்க.

உங்க நம்பிக்கைக்கு பக்கத்துல இருக்குற ஒரே ஒரு டூல்

இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. ட்ரெய்னிங்ல பத்து ஆப் காட்டுவாங்க, பத்தையும் டவுன்லோட் பண்ணிட்டு எதையும் திறக்க மாட்டோம். ஒண்ணு போதும், அதுவும் நீங்க ஏற்கனவே நம்புற விஷயத்தை இன்னும் நல்லா பண்ண உதவுற ஒண்ணு.

தெளிவா விளக்குறதுதான் என் பலம்னு நினைக்கிறவங்களுக்கு: விளக்கத்தை வீடியோகிட்ட கொடுத்துடாதீங்க. 12 நிமிஷ வீடியோவை போட்டுட்டு ஓரமா நின்னா நீங்களும் பார்வையாளர், பசங்களும் பார்வையாளர். புத்தகத்துல க்யூஆர் கோட் 2018ல புது புத்தகம் வந்ததுல இருந்தே இருக்கு, அதுல வர்ற வீடியோல உங்களால சாக்பீஸால காட்ட முடியாத 40 செகண்ட் எதுன்னு முந்தின நாளே பாத்து வைங்க. இதயம் துடிக்கும்போது வால்வு திறந்து மூடுறது, நிலத்தட்டு நகர்றது, இப்படி அசையுற விஷயம். அதை மட்டும் சத்தம் இல்லாம போட்டு, மேல உங்க குரல்ல விளக்குங்க. நம்ம ஊர் பையனுக்கு உங்க குரல்தான் பழக்கம். நான் மேல சொன்ன மேடம் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க, போர்டுல பாதி அவங்க படம், திரைல அதே படம் அசையுது, ரிமோட் ஒரு பொண்ணு கைல, மேடம் "நிறுத்துமா"ன்னு சொன்னா அது நிறுத்தும். மவுஸை அவங்க தொடவே இல்ல.

எழுதிப் பாக்குறதுலதான் நம்பிக்கைன்னா: பிளிக்கர்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதை நான் மனசார சிபாரிசு பண்றேன், ஏன்னா பசங்க கைல எந்த கருவியும் வேண்டாம். கருப்பு வெள்ளை கட்டம் போட்ட அட்டை, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், ஒரு செட்ல 40 அட்டை, ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்து அட்டைல ஒட்டிக்கலாம். அட்டையை எந்தப் பக்கமா திருப்பி பிடிக்கிறாங்களோ அதுதான் ஏ, பி, சி, டி. டீச்சர் ஃபோன் கேமராவை வகுப்பு மேல ஒரு சுத்து சுத்தினா யார் எதைச் சொன்னாங்கன்னு வந்துடும். அட்டையைப் பாத்து பக்கத்துல இருக்குறவன் காப்பி அடிக்கவும் முடியாது, ஏன்னா ஒவ்வொரு அட்டைலயும் கட்டம் வேற. லேமினேட் பண்ணாதீங்க, பளபளப்புல கேமரா தடுமாறும். ஸ்லிப் டெஸ்ட் திருத்துற நேரம் மிச்சம், அதை விட பெரிய விஷயம் பதில் அந்த நிமிஷமே தெரியுது, அந்த பீரியட்லயே திருப்பி எடுத்துடலாம்.

பசங்க தானா கண்டுபிடிக்கணும்னு நம்புறவங்களுக்கு ரெண்டு உதாரணம் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுலதான் வழி தவறவும் வாய்ப்பு அதிகம்.

பத்தாம் வகுப்பு கணக்குல இருபடிச் சமன்பாட்டு வரைபடம், 8 மார்க். வருஷம் பூரா நாம இதை டேபிள் போடு, புள்ளி வை, வளைவரை வரைனு ட்ரில் பண்றோம், பாதிப் பேர் புள்ளிகளை ஸ்கேல் வச்சு நேர்கோடா சேப்பாங்க. புத்தகத்துல பாடத்துக்கு கடைசில இணையச் செயல்பாடுன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல ஜியோஜீப்ரான்னு வரைபடம் போடுற மென்பொருள் இருக்கு, நாங்க பல வருஷம் அதைத் திருப்பிப் பாக்காம தாண்டிப் போயிருக்கோம். அதைத் திறந்து எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் சி-ன்னு அடிங்க, சி-க்கு ஒரு ஸ்லைடர் வரும். சி 3ல இருக்கும்போது பரவளையம் எக்ஸ் அச்சை 1லயும் 3லயும் வெட்டுது. இப்ப உடனே ஸ்லைடரை நகத்தாதீங்க. "சி-யை 4 ஆக்கினா படம் என்ன ஆகும், நோட்ல வரைங்க"ன்னு சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. சில பேர் அகலமாகும்பாங்க, சில பேர் வலது பக்கம் போகும்பாங்க. அப்புறம் நகத்துங்க. படம் அப்படியே மேல ஏறி 2ல அச்சைத் தொட்டுட்டு நிக்கும். 5 ஆக்கினா அச்சை விட்டே மேல போயிடும். "ரெண்டு இடத்துல வெட்டினா ரெண்டு மூலம், தொட்டா சமமான மூலம், தொடவே இல்லைன்னா?"ன்னு கேட்டா பின்னாடி பெஞ்சுல இருந்து "மெய் மூலம் இல்ல சார்"னு வரும். பி ஸ்கொயர் மைனஸ் 4ஏசி-ன்னு அதுவரைக்கும் சூத்திரமா மட்டும் இருந்த தன்மைக்காட்டிக்கு அன்னைக்குத்தான் ஒரு உருவம் வருது. அதுக்கு அப்புறம் வரைபடத் தாள்ல கையாலதான் வரையணும், அதை விட்டுடக் கூடாது, பரீட்சைல கைதான் வரையப் போகுது.

ஊகிக்கச் சொல்றது, காத்திருக்குறது, அப்புறம் காட்டுறது. இந்த வரிசை மாறினா ஜியோஜீப்ராவும் ஒரு வேடிக்கைப் படம்தான்.

ரெண்டாவது மின்சாரம். தொடர் இணைப்புல ரெண்டு ஒரே மாதிரி பல்ப். எது அதிகமா எரியும்னு கேட்டா வகுப்புல பெரும்பாலான கை "முதல் பல்ப்"னு தூக்கும், ஏன்னா கரண்ட் அங்கதான் முதல்ல போகுது, பாதியை அது தின்னுடும், மிச்சம்தான் அடுத்ததுக்குன்னு பசங்க நினைக்கிறாங்க. வாய்க்கால்ல தண்ணி வர்றதைப் பாத்து வளந்த பிள்ளைங்களுக்கு கடைமடைக்கு தண்ணி குறையும்ங்கிறது தெரிஞ்ச விஷயம், அதனால இந்தத் தப்பு ரொம்ப இயல்பான தப்பு. ஓம் விதில கணக்கு போட்டு 10க்கு 10 வாங்குற பையனும் இதைத்தான் நம்புவான். கொலராடோ பல்கலைக்கழகத்துல நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்ச ஃபெட் சிமுலேஷன்ல (கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாக்குற சோதனைங்க) மின்சுற்று கட்டுற ஒண்ணு இருக்கு, அதுல கம்பிக்குள்ள எலக்ட்ரான் நகர்றதை பாக்கலாம். பல்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துல போகுது, ரெண்டு பல்பும் சமமா எரியுது, ஒரே பல்ப் மட்டும் இருந்ததை விட மங்கலா. அதைப் பாத்ததும் சண்டை வரும், வரட்டும். லேப்ல நிஜ பேட்டரியும் டார்ச் பல்பும் இருந்தா கையோட அதையும் செஞ்சு காட்டிடுங்க, கம்ப்யூட்டர்ல வந்துச்சுங்கிறதுக்காக மட்டும் எதையும் நம்பச் சொல்ல வேண்டாம்.

தமிழ் டீச்சருங்க "எங்க பாடத்துக்கு இது எதுக்கு"ம்பாங்க. செய்யுளை பசங்களை வாசிக்க வச்சு ஃபோன்ல பதிஞ்சு அவங்களுக்கே போட்டுக் காட்டுங்க, சீர் பிரிக்கிற இடத்துல எங்க மூச்சு விடுறாங்க, லகர ளகர ழகரம் எங்க குழையுதுன்னு அவங்க காதே அவங்களுக்குச் சொல்லும். வேற ஒண்ணும் வேண்டாம்.

ஒரு யூனிட், ஒரு செக்‌ஷன், ரெண்டு வாரம்

எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிக்காதீங்க. ஒன்பதாம் வகுப்புல ஆரம்பிக்கிறது நல்லது, பத்தாவதுல போர்ஷன் டென்ஷன் இருக்கும், ஜனவரிக்குள்ள முடிச்சு ரிவிஷன் போகணும்ங்கிற அவசரத்துல எந்த புது முயற்சியும் பாதில நின்னுடும். எந்த யூனிட்னு கேட்டா, போன வருஷம் உங்களுக்கே திருப்தி இல்லாம முடிஞ்ச யூனிட் எதுவோ அது. நல்லா போற பாடத்துல போய் கை வைக்காதீங்க.

நெட்டை நம்பாதீங்க. ஃபெட் சிமுலேஷனை டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல வச்சுக்கலாம், நெட் இல்லாம ஓடும். ஜியோஜீப்ராவும் கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் ஆகும். யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்னு ஒரு தடவை போய் நின்னு பாத்துக்கோங்க. கடைசி பெஞ்சுல நீங்களே உக்காந்து திரையைப் பாருங்க, நம்ம வகுப்புல ஜன்னல் வெளிச்சத்துல பாதி எழுத்து தெரியாது, அப்படின்னா திரையை இடம் மாத்துங்க, இல்ல எழுத்தைப் பெருசாக்குங்க. கரண்ட் போனா என்ன பண்ணப் போறீங்கன்னு ஒரு வரி நோட்ல இருக்கட்டும். எனக்கு சி ஸ்லைடர் நடுவுல கரண்ட் போயிருக்கு, நாலு பசங்களை முன்னாடி கூப்பிட்டு ஒரு நீளக் கயிறை வளைச்சுப் பிடிக்கச் சொல்லி மேல தூக்கச் சொன்னேன், பாடம் நிக்கல.

இதையெல்லாம் ஏன் விவரமா சொல்றேன்னா, அமெரிக்கால பெக்கி எர்ட்மர்னு ஒருத்தங்க 1999ல தடைகளை ரெண்டா பிரிச்சாங்க, கருவி, நேரம், பயிற்சி இல்லாதது வெளித்தடை, நம்பிக்கைல இருக்குறது உள்தடை. உள்தடைதான் கடினமானதுன்னு அதுக்கு அப்புறம் எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டாங்க. உண்மைதான், ஆனா நம்ம ஊர்ல இதை ஒரு குச்சியா எடுத்து டீச்சரை அடிக்கிறதை நான் பாத்திருக்கேன். பேட்டரி செத்துப் போய் ஆறு மாசம் ஆன லேப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு "ஆசிரியர்கள் மனசு மாறணும்"னு பேசினா அது என்ன நியாயம்? லேப்ல ஆன்லைன் தேர்வும் எமிஸ் வேலையும் ஓடும்போது கணக்கு டீச்சருக்கு பீரியட் எப்படிக் கிடைக்கும்? வெளித்தடையை சரி பண்ணிக் கொடுத்துட்டு அப்புறம் நம்பிக்கை பத்தி பேசுங்க. அந்த வரிசைல போனா டீச்சருங்களும் கேப்பாங்க.

மாறுச்சான்னு எதை வச்சுப் பாக்குறது

காலாண்டு மார்க்கை வச்சுப் பாக்காதீங்க, அதுல நூறு காரணம் கலந்திருக்கும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கோங்க, யூனிட் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிச்சு பத்து நாள் கழிச்சு ஒரு தடவை. ரெண்டு பல்ப் கேள்வி மாதிரி, மனப்பாடம் பண்ணி எழுத முடியாத கேள்வியா இருக்கணும், "ஏன்"னு ஒரு வரி எழுதச் சொல்லணும். ரெண்டு பேப்பரையும் பின் பண்ணி வச்சு வாசிங்க.

தாமஸ் கஸ்கின்னு ஒரு கல்வி ஆய்வாளர் 1986ல ஒரு விஷயம் சொன்னார், அது எனக்கு அனுபவத்துல நிஜமா இருந்துச்சு. நம்பிக்கையை மாத்தினா டீச்சர் வகுப்புல பண்றதை மாத்துவாங்கன்னு நினைச்சுத்தான் எல்லாப் பயிற்சியும் நடக்குது, ஆனா நடக்குறது தலைகீழ். டீச்சர் சின்னதா ஒண்ணை மாத்திப் பண்றாங்க, பசங்ககிட்ட வித்தியாசம் தெரியுது, அதைக் கண்ணால பாத்த பிறகுதான் நம்பிக்கை நகருது. அதனால "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல"ன்னு சொல்ற டீச்சர்கிட்ட வாதம் பண்ண வேண்டியதே இல்ல, நம்பிக்கை இல்லாமயே ரெண்டு வாரம் பண்ணிப் பாக்கச் சொல்லலாம்.

இப்ப நாலாவது வாக்கியத்தைத் திறங்க. "சில பேருக்கு இது வராது, ஏன்னா..."

நான் எழுதினது "அடிப்படையே இல்ல, வீட்டுல கவனிக்க ஆள் இல்ல"ன்னு. வகுப்புல ஒரு பொண்ணு, ஜன்னல் ஓரம் மூணாவது பெஞ்ச், கேள்வி கேட்டா எழுந்து நின்னு தலையைக் குனிஞ்சுக்கும், நோட்ல பாதி வெறும் பக்கம். ஸ்லோ லேர்னர் லிஸ்ட்ல பேர் எழுதி, அதுக்கு மினிமம் மெட்டீரியல் கொடுத்து, பாஸ் ஆனா போதும்னு வச்சிருந்தேன். பிளிக்கர்ஸ் அட்டை தூக்க ஆரம்பிச்ச முதல் வாரம் ஃபோன்ல வந்ததைப் பாத்து நான் ஏதோ நம்பர் மாறிப் போச்சுன்னு நினைச்சேன், அந்தப் பொண்ணோட 11ஆம் நம்பர் அட்டை தொடர்ந்து சரி. ரெண்டாவது வாரமும் சரி. அந்தப் பொண்ணுக்கு தெரியாம இல்ல, எழுந்து நின்னு பேசுறதுதான் வரல, எழுதும்போது ஸ்பெல்லிங் பயத்துல பேனா நின்னுடுது. மூணு வருஷமா அது தலைக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டே இருந்திருக்கு, கேக்குற விதத்துல நான் கேக்கல. அதை நினைச்சா இப்பவும் எனக்கு தொண்டை அடைக்கும். எத்தனை செட் பசங்களை அந்த லிஸ்ட்ல எழுதியிருக்கேன்.

டெக்னாலஜிக்காக இவ்வளவு வாதாடுறேன்னா இந்த ஒரு காரணத்துக்காகத்தான். வேகம், வசதி, வண்ணம் எல்லாம் ரெண்டாவது. கை தூக்காத பிள்ளை என்ன யோசிக்குதுன்னு டீச்சருக்கு காட்டுற எதுவா இருந்தாலும், அது அட்டையா இருந்தாலும் சரி லட்ச ரூபா ஸ்கிரீனா இருந்தாலும் சரி, அதை எடுத்துக்கலாம். காட்டாததை விட்டுடலாம்.

ஹெச்எம், பிஆர்டிஇ கவனத்துக்கு

"யூஸ் பண்றீங்களா, எத்தனை பீரியட், ஃபோட்டோ அனுப்புங்க"ன்னு கேட்டா ஃபோட்டோ வரும், பாடம் மாறாது. ஸ்கிரீன் முன்னாடி பசங்களை நிக்க வச்சு படம் எடுத்து குரூப்ல போட்டுட்டு அணைச்சிடுவாங்க, டீச்சருக்கும் அவமானம், உங்களுக்கும் உபயோகம் இல்ல. அதுக்குப் பதிலா, பண்ணிட்டு இருக்குற ஒரு டீச்சர் வகுப்புல பண்ணாத ஒரு டீச்சர் கடைசி பெஞ்சுல ஒரு பீரியட் உக்கார டைம் டேபிள்ல இடம் பண்ணிக் கொடுங்க, அவங்க பீரியடுக்கு சப்ஸ்டிட்யூஷன் நீங்களே போங்க. ஹெச்எம் போய் நின்னா ஸ்டாஃபுக்கு அது எவ்வளவு பெரிய செய்தின்னு உங்களுக்கே தெரியும். பாக்க வர்ற டீச்சர் கருவியைப் பாக்க வேண்டாம், ரெண்டு பசங்களை மட்டும் பாக்கட்டும், நல்லா படிக்கிற ஒருத்தர், படிக்காதவர்னு சொல்ற ஒருத்தர், அந்த 40 நிமிஷத்துல அவங்க ரெண்டு பேரும் என்ன பண்ணாங்கன்னு.

வயசானவங்களுக்கு வராதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. சின்ன வயசு டீச்சர் ஃபோன்ல பறப்பாங்க, ஆனா பாடம் எடுக்கும்போது அவங்க ஸ்கூல்ல அவங்க டீச்சர் எடுத்த மாதிரிதான் எடுப்பாங்க, எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. 20 வருஷ அனுபவம் உள்ளவங்களுக்கு பசங்க எங்க தடுக்குவாங்கன்னு யூனிட் யூனிட்டா அத்துப்படி. அவங்களையும் சின்னவங்களையும் ஜோடியா போடுங்க, தப்பு எங்க வரும்னு பெரியவங்க சொல்லட்டும், அந்த இடத்துக்கு என்ன காட்டலாம்னு சின்னவங்க தேடட்டும்.

ஸ்டாஃப் மீட்டிங்ல நாலு வாக்கியத்தை எல்லாரையும் எழுத வைக்கலாமான்னு ஒரு ஹெச்எம் கேட்டாங்க. எழுத வைங்க, ஆனா வாங்கிப் படிக்காதீங்க. வாங்குவீங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் பாடக்குறிப்பேட்டு தமிழ்லதான் எழுதுவாங்க.

தேதி போட்டு எழுதச் சொல்லுங்க. ஜூன்ல ஒரு தடவை, பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததும் பழையதைப் பாக்காம ஒரு தடவை, அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிக்கணும். என்னோடதுல முதல் ரெண்டு வாக்கியம் ஒண்ணும் பெருசா மாறல. மூணாவதுல ஜூன்ல "நாளைக்கு சொல்றேன்னு சொல்லிடுவேன்"னு இருந்துச்சு, ஜனவரில "வா பாக்கலாம்னு ஜியோஜீப்ரால போட்டுப் பாப்போம்"னு இருந்துச்சு, அவ்வளவுதான். நாலாவதை எழுத ஆரம்பிச்சு "இந்த வகுப்புல சில பேருக்கு இது வராது, ஏன்னா"ன்னு வரைக்கும் வந்து நின்னுட்டேன். அந்த வரி இன்னும் அப்படியே பாதிலதான் இருக்கு.